வீட்டுக் குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் எந்த பிரஷர் வாஷரை வாங்குவது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் படிந்துகிடக்கும் பச்சைப் பாசியைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துக் களைத்தவர்களுக்கு தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரின் அருமை தெரியும். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. கடையில் சீறிப் பாய்ந்த நீர்த்தாரை வீட்டில் விட்டுவிட்டுத் துப்பினால், பெரும்பாலும் அது இயந்திரத்தின் குறை அன்று. இயந்திரத்துக்குப் போதிய தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். என் வீட்டில் இந்தச் சிக்கலைத் தீர்த்த முறையை, பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

படி 1: அழுத்தத்தை அல்ல, அளவை அளந்து பாருங்கள்

அழுத்தத்தை உண்டாக்குவது வாஷருக்குள் இருக்கும் பம்பின் வேலை. குழாயிடம் அது கேட்பதெல்லாம் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவு மட்டுமே. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். ஆகவே கீழும் மேலுமாக இரண்டு தளங்கள் கொண்ட வீட்டில், தரைத்தளக் குழாயில் 0.6 முதல் 0.8 பார் வரை இருக்கும். மொட்டை மாடிக் குழாயிலோ, தொட்டி அதற்குச் சற்று மேலேதான் இருப்பதால், 0.2 பார் இருந்தாலே அதிகம். பாசி மிகுதியாகப் படியும் இடத்தில்தான் தண்ணீர் மிகவும் மெதுவாக வருகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே மனத்தில் கொள்ளுங்கள்.

10 லிட்டர் வாளி ஒன்றையும் கைபேசியில் உள்ள நேரமானியையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் அளக்காமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஹோஸை முழு நீளத்துக்கும் விரித்து, அதன் மறுமுனையில் அளக்க வேண்டும். தொட்டி பாதி காலியாக இருக்கும்போது, வீட்டில் வேறு யாரேனும் தண்ணீர் புழங்கும் நேரத்தில் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். வாளி 60 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது. சிறிய வாஷர் எதற்கும் அது போதும். 150 நொடி ஆனால் வருவது 4 லிட்டர்தான். அந்த நிலையில் எந்த வாஷரையும் குழாயில் நேராகப் பூட்டக் கூடாது. பம்பு கேட்கும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அதனுள்ளே குமிழ்கள் தோன்றித் தோன்றி உடையும். ஓசை கரகரப்பாக மாறும். நாளடைவில் சீல்களும் வால்வுகளும் அரிக்கப்பட்டுவிடும்.

படி 2: அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம். நமக்கு வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் இயங்கு அழுத்தமும், நிமிடத்துக்கு அல்லது மணிக்கு எத்தனை லிட்டர் என்ற நீரோட்டமும். மணிக்கு 360 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அழுத்தத்தை பார் கணக்கிலும் நீரோட்டத்தை நிமிடத்துக்கு லிட்டர் கணக்கிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால், அந்தத் தாரையை வெளியே தள்ளுவதற்குத் தேவைப்படும் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 100 பாரையும் 6 லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 1 கிலோவாட். மோட்டாரிலும் பம்பிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 1500 வாட் இயந்திரத்துக்கு இது பொருந்தி வருகிறது. ஆனால் 1800 வாட் மோட்டார் 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 8 லிட்டர் தரும் என்று ஒருவர் சொன்னால், கணக்கு 2 கிலோவாட் என்கிறது. எடுக்கும் மின்சாரத்தைவிட அதிகத் திறனை எந்த இயந்திரமும் தராது. இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல என்பது அப்போது விளங்கிவிடும்.

படி 3: எதை வாங்கலாம்

தண்ணீர் குறைந்த வீட்டுக்கு, வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானாக உறிஞ்சும் வசதி உள்ள வாஷரை மட்டுமே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. விளக்கக் குறிப்பில் இந்த வசதி தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். அடுத்ததாக, நீரோட்டம் நிமிடத்துக்கு 5.5 முதல் 6.5 லிட்டருக்குள் இருக்க வேண்டும். எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நம் நிலைமைக்குக் குறைவாகக் குடிக்கும் இயந்திரமே ஏற்றது. 90 முதல் 100 பார் வரையிலான இயங்கு அழுத்தம் காருக்கும் சிமென்ட் தரைக்கும் தாராளமாகப் போதும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, கார்பன் பிரஷ் உள்ளவை எடையும் விலையும் குறைந்தவை, சத்தம் மிகுந்தவை. தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும். இண்டக்ஷன் மோட்டார் அமைதியானது, நெடுநேரம் உழைக்கும், ஆனால் படியேற்றித் தூக்கிச் செல்லக் கனமானது. மாதத்துக்கு ஓரிரு முறை பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் வகையே போதும். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள ஃபில்டர், உள்ளே தெரியும்படியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

படி 4: டிரம்மை இடையில் வையுங்கள்

குழாயிலிருந்து டிரம்முக்கு, டிரம்மிலிருந்து வாஷருக்கு என்று தண்ணீர் போக வேண்டும். குழாய் 4 லிட்டர் தந்து, வாஷர் 6.5 லிட்டர் எடுத்தால், நிமிடத்துக்கு 2.5 லிட்டர் குறைகிறது. நிறைந்த 20 லிட்டர் வாளி 8 நிமிடத்தில் வற்றிவிடும். 100 லிட்டர் டிரம் 40 நிமிடம் தாங்கும். ஒரு காரைக் கழுவி வாசற்படியையும் கழுவி முடிக்க அது போதும். டிரம்மை உறுதியான மேடை மீது வைத்து வாஷரைத் தரையில் வைத்தால் தண்ணீர் தானே இறங்கி வரும், பம்புக்கு உறிஞ்சும் சிரமம் குறையும். மேலே ஒரு பழைய பருத்தித் துணியைக் கட்டிவிட்டால் குழாயிலிருந்து வரும் மணலும் துருவும் அதிலேயே தங்கிவிடும்.

படி 5: காற்றை வெளியேற்றுதல்

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படி இதுதான். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விளக்கக் குறிப்பில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும், ஆனால் தானாக உறிஞ்சும் வாஷர் வேலை செய்வதும் செய்யாததும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

முதலில் ஹோஸைப் பாருங்கள். செடிக்குத் தண்ணீர் விடும் மெல்லிய ஹோஸ் உறிஞ்சும் பக்கத்துக்கு உதவாது. பம்பு இழுக்கத் தொடங்கியதும் அது சப்பையாக ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நூல் பின்னல் உள்ள தடித்த ஹோஸோ, உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸோ வேண்டும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமலும், நீளம் முடிந்தவரை குறைவாகவும் இருக்கட்டும். டிரம்முக்குள் போகும் முனையில் வலையோடு கூடிய ஒருவழி வால்வைப் பூட்டினால், நிறுத்தும்போது ஹோஸில் உள்ள தண்ணீர் திரும்பி இறங்காது.

அடுத்து இணைப்புகள். தண்ணீர் வெளியே கசியாத இணைப்பு வழியாகவும் காற்று உள்ளே போகும். விரிசல் விட்ட ஸ்டிராவால் இளநீர் குடிக்க முயல்வது போல, பம்பு எவ்வளவு இழுத்தாலும் அதன் வாய்க்கு வருவது காற்றுதான். திருகு மரைகளில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுங்கள். இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஹோஸ் பொருந்தும் இடங்களில் இரும்பு கிளிப் போட்டு ஸ்குரூ டிரைவரால் இறுக்குங்கள். சட்டென்று மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்புகளை விட, பித்தளைத் திருகு இணைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

இப்போது ஹோஸ் முழுவதையும் டிரம் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருங்கள். வாஷரில் பூட்டும் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே வெளியே எடுத்து, தண்ணீர் சிந்துவதற்குள் பூட்டிவிடுங்கள். கையில் பிடிக்கும் கன்னின் முன்னால் உள்ள நீண்ட குழலையும் அதன் முனையில் உள்ள நாசிலையும் கழற்றி வைத்துவிட்டு, டிரிகரை அழுத்திப் பிடித்தபடி இயந்திரத்தைப் போடுங்கள். நாசில் இருந்தால் காற்று வெளியேற இடமில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் வெறும் காற்றும் பிறகு விட்டுவிட்டுத் தண்ணீரும் வரும். கண்ணாடி ஃபில்டருக்குள் வெள்ளைக் குமிழ்கள் ஓடுவது தெரியும். அவை நின்று, ஃபில்டர் தெளிந்து, தண்ணீர் ஒரே சீராகக் கொட்டத் தொடங்கிய பிறகு நிறுத்தி நாசிலை மாட்டுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்திவிட்டு இணைப்புகளை மறுபடி பாருங்கள். வறட்சியாக ஓடும் பம்பு சூடாகிக் கெட்டுவிடும்.

படி 6: மின்சாரம்

1800 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும். 16 ஆம்பியர் பிளக்பாயிண்டில் மட்டுமே போடுங்கள். எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்சும் இல்லாத வீட்டில் ஈரத் தரையில் நின்று இதை இயக்கக் கூடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் எழுப்பிய சில கேள்விகளுக்கான விடைகளையும் சேர்த்திருக்கிறேன்.

தரைக்கடியில் உள்ள சம்பில் ஹோஸை நேரே விடலாமா என்று பலர் கேட்டார்கள். வீட்டு வாஷர்கள் பொதுவாக அரை மீட்டர் ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும்; சம்பு நிறைந்திருக்கும்போது வேலை செய்வது போலத் தோன்றினாலும், நீர்மட்டம் இறங்கியதும் நின்றுவிடும். சம்பு மோட்டாரைப் போட்டு டிரம்மை நிரப்பிக்கொள்வதே நல்லது.

தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாயில் வாஷரை நேராகப் பூட்டவே கூடாது. அந்தக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் தடை விதித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: குழாயின் உள்ளழுத்தம் குறைந்தால், மண்ணுக்கடியில் உள்ள விரிசல் வழியே கழிவுநீர் இழுக்கப்பட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய்ச்சேரும்.

டிரிகரை விட்ட பிறகும் மோட்டார் அவ்வப்போது உறுமி நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டிரிகரை அழுத்தியிருக்கும்போது தாரை துடித்தால் கோளாறு தண்ணீர் நுழையும் பக்கத்தில். டிரிகரை விட்டபின் மோட்டார் தானே ஓடினால் கோளாறு தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், பெரும்பாலும் கன்னில் உள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் அல்லது பம்பின் வால்வில் இருக்கும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் பிற்பகலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பல வாஷர்களுக்கு உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. அந்த நாட்களில் டிரம்மை முந்தின இரவே நிரப்பி வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.