பழைய டிவி தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் செட்டும் சட்டையும்: கண்டுபிடிக்கப் பழகுவோம்

அமெரிக்க விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் தொடரில் 1967 ஏப்ரலில் வந்த எபிசோட், 'த சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. கேப்டன் கிர்க் காலத்தில் பின்னோக்கிப் போய் 1930களின் நியூயார்க்கில் மாட்டிக்கொள்கிறார். அங்கே ஈடித் கீலர் என்ற பெண்ணுடன் தெருவில் பேசிக்கொண்டே நடக்கிறார். நல்ல காதல் காட்சி. ஆனால் அவர்கள் கடந்து போகும் கடையின் கண்ணாடியைப் பாருங்கள்: 'ஃப்ளாய்ட்ஸ் பார்பர் ஷாப்'. ஃப்ளாய்டுக்கும் நியூயார்க்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் 'ஆண்டி க்ரிஃபித் ஷோ'வில் மேபெரி என்ற கற்பனைச் சிற்றூரில் முடிவெட்டுபவர். மேபெரி இருப்பதோ வட கரோலினாவில்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கூர்மையான கண் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் இரண்டாவதுதான். எந்தத் தொடர் எந்த ஸ்டூடியோவின் கேட்டுக்குள் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொருட்கள் தானாக ஊர் சுற்றுவதில்லை. ஒரே கிடங்கிலிருந்து வெளியே வந்து, வேறு பெயின்ட் பூசிக்கொண்டு, அதே கிடங்குக்குத் திரும்புகின்றன.

தேவையானவை அதிகமில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிகிற தெளிவான பிரதி, ஸ்கிரீன்ஷாட் எடுக்க வசதி, குறிப்பெழுத ஒரு நோட்டு. ஃபோன் திரை வேண்டாம். பின்னணியில் இருப்பதுதான் நமக்கு முக்கியம், அது ஃபோனில் கடுகளவுதான் தெரியும்.

படி 1: ஸ்டூடியோ எது என்று பாருங்கள்

ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் வரும் நிறுவன முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேனலை மாற்றும் அந்த நேரம்தான் நமக்குத் தொடக்கம்.

'ஸ்டார் ட்ரெக்' முதல் சீசனில் அங்கே தெரிவது டெசிலு. நடிகை லூசில் பாலும் டெசி அர்னாஸும் தொடங்கிய நிறுவனம் அது. 1957-இல் அவர்கள் பழைய ஆர்கேஓ ஸ்டூடியோவை வாங்கினார்கள். அதோடு கல்வர் சிட்டியில் இருந்த திறந்தவெளி செட் நிலமும் வந்தது. அதன் பெயர் 'ஃபார்ட்டி ஏக்கர்ஸ்'. உண்மையில் 30 ஏக்கர்கூடத் தேறாது, சினிமாக்காரர்கள் கணக்கு அப்படி. அந்த நிலத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தின் ராட்சத மதில் அங்கேதான் நின்றது. 1938 டிசம்பரில் 'கான் வித் தி விண்ட்' படத்தின் அட்லாண்டா தீ விபத்துக் காட்சிக்காக அதையும் மற்ற பழைய செட்டுகளையும் கொளுத்தினார்கள். ஒரு படத்தின் செட் இன்னொரு படத்தில் எரிந்துபோவதைவிடச் சிக்கனமான மறுபயன்பாடு இருக்க முடியாது! பிறகு அதே இடத்தில் கட்டிய ஊர்த் தெரு 1960களில் மேபெரி ஆனது. 'ஸ்டார் ட்ரெக்' குழு 'மிரி' எபிசோடில் அங்கே குப்பையைக் கொட்டி அழிந்துபோன கிரகமாக்கியது. அதன் பிறகுதான் கிர்க்கும் ஈடித்தும் அந்த வழியாக நடந்தார்கள்.

படி 2: அக்கம்பக்கத்துப் பட்டியல் போடுங்கள்

அதே ஸ்டூடியோ அதே காலத்திலும் அதற்கு முந்தைய பத்தாண்டிலும் எடுத்த தொடர்களையும் படங்களையும் எழுதுங்கள். படங்கள் ரொம்ப முக்கியம். பெரிய படத்துக்குச் செலவழித்துச் செய்த பொருள், சில வருடங்களில் டிவிக்கு இறங்கி வரும். டிவியிலிருந்து படத்துக்கு ஏறுவது குறைவு.

பழகிப் பார்க்கச் சிறந்த ஜோடி 'ஃபர்பிடன் பிளானட்' படமும் (1956) 'ட்வைலைட் ஸோன்' தொடரும் (1959–64). படம் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் தயாரிப்பு. ராட் செர்லிங்கின் தொடரும் எம்ஜிஎம் வளாகத்தில்தான் எடுக்கப்பட்டது. முதலில் படத்தை ஒருமுறை கவனமாகப் பார்த்து, வட்டமான விண்கலம், குழுவினரின் சீருடை, ராபி என்ற ரோபோ மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தொடருக்குப் போங்கள். 1960-இல் வந்த 'த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' எபிசோடின் கடைசியில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் உடுத்தியிருப்பது அந்தச் சீருடைதான். பறந்து போகும் கலமும் அந்தப் படத்துக் காட்சிதான், தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தெருவுக்கும் முன்கதை உண்டு: மிக்கி ரூனி நடித்த ஆண்டி ஹார்டி படங்களுக்காக எம்ஜிஎம் வைத்திருந்த தெரு அது. 1961-இல் வந்த 'தி இன்வேடர்ஸ்' எபிசோடில் கிழவியின் வீட்டுக் கூரையில் இறங்கும் குட்டிக் கலமும் அதே மாடல்.

ராபி கொஞ்சம் வேறு ரகம். 'ட்வைலைட் ஸோனி'ல் 'அங்கிள் சைமன்', 'த பிரெய்ன் சென்டர் அட் விப்பிள்ஸ்' என்று இரண்டு முறை வந்ததோடு நிற்காமல், 1966-இல் ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்', 1974-இல் யுனிவர்சலின் 'கொலம்போ' என்று கேட் தாண்டிப் போனது. பெயர் பெற்ற பொருளுக்கு மட்டும் இந்தச் சலுகை. 2017-இல் அது ஏலத்தில் 53 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது.

படி 3: எந்த எபிசோடில் தேடுவது?

எல்லா எபிசோடையும் சல்லடை போட வேண்டியதில்லை. கதைச் சுருக்கத்தைப் படித்தாலே மோப்பம் பிடிக்கலாம். விண்வெளித் தொடரில் திடீரென்று 'பூமியைப் போலவே இருக்கும் கிரகம்' வந்தால் சந்தேகப்படுங்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி 1964-இல் அதற்காக எழுதிய திட்டக் குறிப்பிலேயே, பூமியை ஒத்த உலகங்கள் என்று வைத்துக்கொண்டால் கையில் இருக்கும் செட்டுகளையும் உடைகளையும் பயன்படுத்த முடியும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் ஒரு கிரகத்தில் சிகாகோ தாதாக்கள், இன்னொன்றில் நாஜிகள், வேறொன்றில் ரோமானியர்கள். இந்தக் கதைகளை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பீரோவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கதை எழுதுவது தனித் திறமை.

காலப்பயணம், கனவு, வேடமிட்டுப் போகும் கதை, சீசன் கடைசியில் வரும் எபிசோட் ஆகியவையும் நல்ல வேட்டைக்களம். கடைசியில் வருபவற்றில் பெரும்பாலும் பணம் தீர்ந்திருக்கும்.

படி 4: சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

முதல் தடவை கதைக்காகப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது தடவை ஒலியை அணைத்து, நாயகன் முகத்தை மறந்து, ஃப்ரேமின் ஓரங்களைப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

செட் என்றால் எலும்புக்கூட்டைப் பாருங்கள். பெயின்ட், திரைச்சீலை, நாற்காலி எல்லாம் ஒரே இரவில் மாறும். கதவு எந்தப் பக்கம், ஜன்னலின் வடிவம் என்ன, படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்பவற்றை மாற்றப் பணம் வேண்டும். 1991-இல் வந்த ஆறாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் கூட்டமைப்பின் அதிபருடைய அலுவலகத்தைப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஈபிள் கோபுரம் தெரியும். கோபுரத்தை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் பார்த்தால், 'ஸ்டார் ட்ரெக்'கின் பிந்தைய தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் எல்லோரும் உட்கார்ந்து குடிக்கும் 'டென் ஃபார்வர்ட்' கூடம் அது என்று புரியும்.

உடையில் நிறத்தை நம்பாதீர்கள். 1979-இல் வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் வெளிறிய சீருடைகளை, 1982-இல் இரண்டாம் படத்துக்காகச் சாயத்தில் முக்கிப் பயிற்சி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது தையல் கோடு, கழுத்து வெட்டு, பித்தான் வரிசை, துணியில் பூவேலை இருந்தால் அது எங்கே வெட்டுப்படுகிறது என்பது. ஒரே துணியில் இரண்டு சட்டை தைக்கலாம். ஆனால் தோள்பட்டைத் தையலில் அதே பூ அதே இடத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தால் அது அதே சட்டைதான்.

பொருட்களையும் விண்கல மாடல்களையும் திருப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டைத் தலைகீழாக்குங்கள், இடவலமாகவும் மாற்றுங்கள். இரண்டாம் படத்தில் வரும் 'ரெகுலா' விண்வெளி நிலையம், முதல் படத்து அலுவலக நிலையத்தின் மாடலைக் கவிழ்த்து வைத்ததுதான். படத்தைத் திருப்பியதும் பளிச்சென்று பிடிபடும்.

படி 5: முழுக் காட்சியையே இரவல் வாங்கியிருந்தால்

சில சமயம் பொருள் வராது, பழைய படச்சுருளே வரும். ஃப்ரேமின் தரம் திடீரென்று மாறுவது, வானத்தின் வெளிச்சம் ஒத்துப்போகாமல் இருப்பது, வண்டி ஓட்டுபவரின் முகம் தூரக் காட்சியில் தெரியாமலே இருப்பது ஆகியவை அடையாளம். 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரில் 1978-இல் வந்த லாரி எபிசோடில் ஓடும் லாரியும் காரும், ஸ்பீல்பெர்க் 1971-இல் டிவிக்காக எடுத்த 'டூயல்' படத்திலிருந்து வந்தவை. இரண்டுமே யுனிவர்சல் சொத்து.

படி 6: உறுதிசெய்யும் முன் சந்தேகப்படுங்கள்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஒரே மாதிரி இருப்பது வேறு, அதே பொருளாக இருப்பது வேறு. கீறல், நசுங்கல், தப்பாக ஒட்டிய லேபிள் போன்ற தற்செயலான அடையாளங்கள் குறைந்தது மூன்றாவது பொருந்தினால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

ஸ்டூடியோ எல்லை பார்க்காமல் எங்கும் தென்படுகிற பொருள் என்றால், வாடகைக் கடைச் சரக்காக இருக்கலாம். 'மேரிட் வித் சில்ட்ரன்', 'ஸ்க்ரப்ஸ்', 'மாடர்ன் ஃபேமிலி' மூன்றிலும் பாத்திரங்கள் படிக்கும் செய்தித்தாளில் ஒரே கருங்கூந்தல் பெண்ணின் படம் இருக்கும். ஏர்ல் ஹேஸ் பிரஸ் என்ற அச்சகம் 1960களில் உருவாக்கிய போலிப் பத்திரிகை அது. நிஜப் பத்திரிகையைக் காட்ட அனுமதி வாங்க வேண்டும் என்பதால் எல்லோரும் இதையே வாங்கினார்கள். அதுபோல மினுக்மினுக்கென்று விளக்கு எரியும் கணினிப் பலகைகள். 'டைம் டனல்' தொடரில் தெரிபவை, அமெரிக்க விமானப்படையின் ரேடார் பாதுகாப்பு அமைப்புக்காக ஐபிஎம் செய்த நிஜக் கணினியின் பாகங்கள். கழித்துக்கட்டியதை வாங்கிப் பல வருடம் பல படங்களில் ஓட்டினார்கள். பட்டியலில் இவற்றைச் சேர்க்கலாம், ஆனால் 'வாடகை' என்று தனியாகக் குறியுங்கள்.

அடுத்தது நகல். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992-இல் வந்த 'ரெலிக்ஸ்' எபிசோடில், முதல் தொடரின் எஞ்சினியர் ஸ்காட்டி பழைய என்டர்பிரைஸ் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைவார். மனம் துள்ளும். ஆனால் அந்த செட் எப்போதோ போய்விட்டது. ஒரு பகுதியை மட்டும் புதிதாகக் கட்டி, மீதியைப் பழைய எபிசோடின் காட்சியிலிருந்து எடுத்து ஒட்டினார்கள்.

புதுப்பித்த பிரதிகளிடமும் ஜாக்கிரதை. 'ஸ்டார் ட்ரெக்' 2006 முதல் கணினி வரைகலையோடு புதுப்பிக்கப்பட்டது. 1968-இல் வந்த 'தி அல்டிமேட் கம்ப்யூட்டர்' எபிசோடில் வோடன் என்ற சரக்குக் கப்பல் வரும். மூலப் பிரதியில் அது 'ஸ்பேஸ் சீட்' எபிசோடில் கான் என்ற வில்லன் வந்த பாட்டனி பே கப்பலேதான். புதுப்பித்த பிரதியில் வேறு கப்பலை வரைந்து வைத்துவிட்டார்கள். நமக்குத் தேவையான தடயத்தைத் துடைத்துவிட்டார்கள் என்றே சொல்வேன். மூலப் பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.

படி 7: எது முதலில் வந்தது?

ஒளிபரப்பான தேதியை வைத்து முடிவு கட்டக் கூடாது. படமாக்கிய வரிசை வேறாக இருக்கும். 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' எபிசோடை 1965-இலேயே எடுத்துவிட்டார்கள். ஒளிபரப்பானதோ 1966 செப்டம்பரில், மூன்றாவதாக. அதில் சீருடை வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து, நடுவில் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். தயாரிப்பு எண்களின் பட்டியலைத் தேடி எடுத்து, நோட்டில் அந்த வரிசையில் எழுதுங்கள். எபிசோட் பெயர், நிமிடம், விநாடி, ஃப்ரேமில் எந்த மூலை, எதோடு ஒப்பிட்டீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் போதும்.

கையை நனைக்க ஒரு பயிற்சி

'ஸ்டார் ட்ரெக்' தொடரில் முதலில் ஒளிபரப்பான 'த மேன் ட்ராப்' எபிசோடைப் பாருங்கள். அப்புறம் 1967 ஜனவரியில் வந்த 'த ஸ்க்வையர் ஆஃப் கோதோஸ்' எபிசோடுக்குப் போய், ட்ரெலேனின் மாளிகைக் கூடத்தில் சுவர் மாடங்களில் அலங்காரமாக நிற்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். முதல் எபிசோடில் உப்புக்காக ஆளைக் கொன்ற ஒருவர் அங்கே சும்மா நின்றுகொண்டிருப்பார்.