ஒரே நாளில் பிராக்: மேலிருந்து கீழே இறங்கி வரும் வழி

செக் குடியரசின் தலைநகரான பிராக்குக்கு முதல் முறை போனபோது பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, வெயில் ஏற ஏறக் கோட்டைக்கு மேடேறினேன். மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிட்டது. இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன். உச்சிக்கு டிராமில் போய், பார்த்துக்கொண்டே நடந்து இறங்கினேன். அதே ஊர், வேறு நாள். கீழே இருப்பது அந்த இரண்டாம் முறையின் வழி.

முதலில் டிக்கெட்

இதை நிதானமாகப் படியுங்கள். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்தான். ஒரு நாளுக்கு 24 மணி நேர டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஆனால் காகித டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. மெட்ரோவில் படி இறங்கும் முன்பும், டிராமில் கதவுக்குப் பக்கத்திலும் சிறிய மஞ்சள் பெட்டி இருக்கும். அதற்குள் டிக்கெட்டை நுழைத்தால் 'டக்' என்ற சத்தத்தோடு தேதியும் நேரமும் அச்சாகும். அந்த நிமிடத்திலிருந்துதான் 24 மணி நேரம் தொடங்கும்.

எனக்கு இது தெரியாது. புது டிக்கெட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் இறங்கினேன். கீழே நின்ற பரிசோதகர் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அபராதச் சீட்டு எழுதினார். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் ஆயிற்றே என்று சொல்லிப் பயனில்லை. அச்சு இல்லாத டிக்கெட் அங்கே செல்லாத டிக்கெட். வண்டி மாறும்போது மறுபடி குத்தவும் கூடாது, ஒரே முறைதான்.

அப்புறம் பணம்

செக் குடியரசின் பணம் யூரோ இல்லை, கொருனா. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம் பெட்டிகளை விட்டுவிட்டு, வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த ஏடிஎம்மில் எடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். நாணய மாற்றுக் கடையில் மோசமான விலைக்கு மாற்றிவிட்டால் பதற வேண்டாம். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளும் உரிமை 2019 முதல் சட்டப்படி உண்டு. ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

விடியலில் சார்லஸ் பாலம்

ஆறு, ஆறரை மணிக்கு அங்கே இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். 1357-இல் நான்காம் சார்லஸ் மன்னர் காலத்தில் தொடங்கிய பாலம் இது. இரு பக்கமும் 30 சிலைத் தொகுதிகள். நெபோமுக்கின் ஜான் என்ற புனிதரின் சிலையைத் தேடுங்கள், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் இருக்கும். 1393-இல் அவரை வில்தாவா ஆற்றில் எறிந்து கொன்றார்கள். சிலையின் பீடத்தில் உள்ள வெண்கலப் பலகை கறுத்துப் போயிருக்கிறது. ஆனால் ஆற்றில் விழும் அவருடைய சிறிய உருவம் மட்டும் தங்கம் போல மின்னும், அவ்வளவு கைகள் தொட்டுத் தடவிய இடம் அது.

22-ஆம் எண் டிராம்

பாலத்தைக் கடந்து மாலோஸ்ட்ரான்ஸ்கே நாம்யெஸ்தியில் ஏறுங்கள். (நாம்யெஸ்தி என்றால் சதுக்கம், நாள் முழுக்க இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள்.) பெரும்பாலோர் 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்', அதாவது பிராக் கோட்டை என்ற நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் பொஹொர்ஷெலெட்ஸ் வரை போங்கள். அங்கிருந்து கோட்டை முன்வாசல் வரை இறக்கம்தான்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளே உள்ள கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். புனித வீட்டுஸ் தேவாலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். நேரம் குறைவு என்றால் பொற்கொல்லர் சந்து என்ற குறுந்தெருவைக்கூட விட்டுவிடுங்கள், பழைய அரண்மனையை விடாதீர்கள். 1618-இல் இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் அவர்களுடைய எழுத்தரையும் ஜன்னல் வழியே வெளியே தூக்கி எறிந்தது அங்கேதான். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் முப்பது ஆண்டுப் போர் அதிலிருந்து மூண்டது. அந்த ஜன்னலருகே நின்று கீழே எட்டிப் பாருங்கள். சாயங்காலம் இதன் மறுபாதி வரும்.

கீழே, ஆற்றுக்கு அக்கரை

கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. ஒரே நிறுத்தம், ஸ்டாரொம்யெஸ்ட்ஸ்கா. அங்கிருந்து யூதர் குடியிருப்பான யோசெஃபோவ் சில நிமிட நடை. அங்குள்ள ஜெப ஆலயங்கள் சனிக்கிழமை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். பிங்காஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அவசரப்பட வேண்டாம், ஒரு சுவரையாவது நின்று வாசியுங்கள்.

பக்கத்திலேயே 1348-இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் வரும். தமிழிலக்கிய ஆய்வுக்கு வாழ்நாளைக் கொடுத்த கமில் சுவலெபில் பிராகில் பிறந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர். அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கடைசியாகப் பழைய நகரச் சதுக்கம். 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கு ஒரு முறை எலும்புக்கூடு மணியடிக்க, மேலே இரண்டு ஜன்னல்களில் பன்னிரண்டு திருத்தூதர்கள் வந்து போவார்கள். சேவல் கூவியதும் முடிந்துவிடும், ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டம் கலைந்த பிறகு முகப்பை நிதானமாகப் பாருங்கள். ரோமன் எண்கள் நாம் அறிந்த நேரம். வெளி வளையத்தில் பழைய எழுத்தில் உள்ள 24 எண்கள் சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய செக் நேரம். அதனால் அந்த வளையம் நாளுக்கு நாள் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கடிகாரத்துக்கு அருகே தரையைப் பாருங்கள். கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். காலையில் கோட்டையில் பார்த்த ஜன்னலில் தொடங்கிய கிளர்ச்சி தோற்ற பின், 1621 ஜூன் 21 அன்று இங்கே தலைவர்கள் 27 பேரைக் கொன்றார்கள். மேலிருந்து இறங்கி வந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் வரிசையாகக் கிடைக்கும்.

பின்சேர்க்கை: டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டு தட்டி வாங்கும் டிக்கெட்டையும் குத்த வேண்டுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், அது நேரம் அச்சாகித்தான் வரும். செயலியில் வாங்கினால் மட்டும், ஏறுவதற்கு முன்பே 'செயல்படுத்து' பொத்தானை அழுத்தி, டிக்கெட் உயிர்பெறும் வரை காத்திருந்து ஏறுங்கள்.