காற்றுத் தர மானி வாங்கியாச்சு, அடுத்து என்ன?

பெட்டியைப் பிரித்து ஆன் செய்ததும் திரையில் நாலைந்து எண்கள் ஓடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கும் எரியும். பலர் அந்த விளக்கை மட்டும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, மானியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். எண் ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் அது உபயோகமான பொருள் என்று புரிந்தது.

1. என்ன அளக்கிறது என்று பாருங்கள்

விவரத் தாளில் கார்பன் டை ஆக்சைடுக்கு ‘என்டிஐஆர்’ அல்லது ‘ஃபோட்டோஅக்கூஸ்டிக்’ சென்சார் என்று இருந்தால், வாயுவை நேரடியாகவே அளக்கிறது. ‘இசிஓ2’ என்று இருந்தால் அது ஊகக் கணக்கு. வேறு வாயுக்களை முகர்ந்து பார்த்து, கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கலாம் என்று சொல்கிறது. பக்கத்தில் வாசனைத் திரவியம் அடித்தால்கூட அந்த எண் எகிறும். வாங்கும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

இன்னொன்று. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைப் பெரும்பாலான மானிகள் அளப்பதில்லை. அதற்குத் தனி அலாரம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து.

2. முதலில் வெளியே கொண்டுபோங்கள்

வெயிலும் மழையும் படாத திறந்தவெளியில் இருபது நிமிடம் வையுங்கள். இன்று வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. மானியும் அதை ஒட்டிக் காட்டினால் சரி. 600 காட்டினால், கையேட்டில் உள்ளபடி அங்கேயே கேலிபரேஷன், அதாவது அளவுத் திருத்தம், செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று மூச்சு விடாதீர்கள். நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கிறது!

பல மானிகளில் தானியங்கி கேலிபரேஷன் உண்டு. சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். ஜன்னலே திறக்காத அறையில் இது வம்பு. அங்கே 700க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், அந்த 700ஐயே வெளிக்காற்றின் அளவு என்று நினைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட அறைக்கு இந்த வசதியை அணைத்துவிடுவதே மேல்.

3. வைக்கும் இடம்

உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரம். ஜன்னல், ஏசி, கதவு இவற்றின் நேர்க்காற்றில் வேண்டாம். தலையணைக்குப் பக்கத்திலும் வேண்டாம், உங்கள் மூச்சைத்தான் அளக்கும்.

4. ஓர் இரவு விடுங்கள்

கதவு, ஜன்னலைச் சாத்தித் தூங்கும் அறையில் வைத்துவிட்டு, காலையில் செயலியில் வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு பேர் தூங்கும் சிறிய அறையில் கார்பன் டை ஆக்சைடு 2,000ஐத் தாண்டுவது சாதாரணம். பதறத் தேவையில்லை. அந்த அளவு விஷம் அல்ல. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கான அடையாளம் அது.

5. துகள் எண்ணை நிதானமாகப் படியுங்கள்

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரோ அதைவிடக் குறைவோ விட்டமுள்ள தூசு. உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல், கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15 என்கிறது. ஒரு நிமிடம் 80 காட்டினால் அதை இந்தச் சராசரிகளோடு ஒப்பிட முடியாது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தாலே போதும், எண் எகிறிவிடும்.

பெரும்பாலான வீட்டு மானிகள் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. நீர்த்திவலையும் அவற்றுக்குத் துகள்தான். வெந்நீரில் குளித்து முடித்து கதவைத் திறந்ததும் ‘மோசம்’ என்று காட்டினால், அது ஆவியின் வேலை.

விஓசி எண்ணை, அதாவது பெயின்ட், வாசனைத் திரவியம் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் அளவை, நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

6. ஜன்னல் சோதனை

எனக்குப் பிடித்தது இதுதான். பேட்டரியை மிச்சப்படுத்த, கையடக்க மானிகள் ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும். அதை ஒரு நிமிடமாக மாற்றுங்கள். அறையில் கார்பன் டை ஆக்சைடு 1,420 ஆனதும் மானியை அங்கேயே விட்டு எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிடுங்கள். வெளிக்காற்றின் 420ஐக் கழித்தால், கூடுதலாக இருப்பது 1,000. அது 370ஆகக் குறைய, அதாவது திரையில் 790 வர, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 60ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை முறை அறைக்காற்று மாறுகிறது என்பது கிடைக்கும்.

என் அறையில் எல்லாம் சாத்தியிருந்தபோது இரண்டு மணி நேரம் ஆனது, அதாவது மணிக்கு அரை முறை. அப்புறம் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துப் பார்த்தேன். இருபதே நிமிடம். காற்றுச் சுத்திகரிப்பானை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தபோது துகள் எண் மளமளவென்று இறங்கியது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் பழைய வேகத்திலேயே இறங்கியது. வடிகட்டி தூசைத்தான் பிடிக்கும். அந்த வாயுவை வெளியேற்ற ஜன்னலைத்தான் திறக்க வேண்டும்.