ஹாஸ்பிஸைத் தேடும்போது இரவு இரண்டு மணியைப் பற்றிக் கேளுங்கள்

அப்பாவைச் சேர்த்த ஹாஸ்பிஸ், அதாவது இனி குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணித்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம், பார்க்க அத்தனை நன்றாக இருந்தது. எட்டே படுக்கை. ஜன்னலுக்கு வெளியே மரம், வெளுத்த திரைச்சீலை, குரலை உயர்த்தாமல் பேசும் மேலாளர். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். அன்று கட்டணத்தைத் தவிர வேறு எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும், அப்பாவுக்கு இடுப்பில் வலி கிளம்பியது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. மணியை அழுத்தினேன், உதவியாளர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் என்ற மருந்து அலமாரிக்குள் பூட்டி இருந்தது. அலமாரிச் சாவி பகல் நர்ஸிடம் இருந்தது. பகல் நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காலை ஏழு மணி வரை அப்பா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஆறு வருடம் கழித்து அக்காவுக்கு இடம் தேட வேண்டி வந்தது. மூன்று இடங்களுக்குப் போனேன். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் என்ன நடக்கும்?"

இந்தக் கேள்விக்கு "பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் அதை ஏற்காதீர்கள். உள்ளே இறங்கிக் கேளுங்கள். இரவு டியூட்டியில் இருப்பது பயிற்சி பெற்ற நர்ஸா, உதவியாளர் மட்டுமா? வலி மருந்து பூட்டியிருக்கும், அது பூட்டித்தான் இருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் சாவி யார் கையில்? கூடுதல் டோஸ் எவ்வளவு தரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாரா, இல்லை ஒவ்வொரு முறையும் அவரை எழுப்பித்தான் கேட்க வேண்டுமா? மணி அடித்ததிலிருந்து மருந்து வாய்க்குள் போக எத்தனை நிமிடம்? நான் பார்த்த மூன்றாவது இடத்தில் நர்ஸ் யோசிக்கவே இல்லை. இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுக் காட்டிவிட்டு, "அடுத்த ஷிப்டுக்குக் கைமாற்றும்போது எண்ணிக் கையெழுத்து வாங்குவோம்" என்றார். எனக்கு அங்கேயே பாதி மனது நிறைந்துவிட்டது.

வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை என்றால் கேள்வி இன்னும் எளிது. சேருவதற்கு முன்பே இரவு பதினொன்றரைக்கு மேல் அவர்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள். விஷயத்தைச் சொல்லுங்கள், மன்னிப்பும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இடத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யார் எடுக்கிறார், எடுத்தவருக்கு நோயாளியைப் பற்றி என்ன கேட்கத் தெரிகிறது என்று கவனியுங்கள்.

வலி விஷயத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் இங்கேதான் நல்ல இடமும் மோசமான இடமும் பிரிகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு வழி சொல்லிவிட்டது. முடிந்தவரை வாய்வழியாக, மணி தவறாமல், வலியின் அளவுக்கு ஏற்றபடி படிப்படியாக. சாதாரண மார்பின் மாத்திரையோ திரவமோ சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதனால் வலி வந்தபின் கொடுப்பது என்பது பிழையான முறை. வருவதற்கு முன்பே அடுத்த வேளை போக வேண்டும். அதையும் மீறி இடையில் வலி வந்தால் கொடுக்கும் கூடுதல் டோஸ், பொதுவாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. என்றால் நாளுக்கு 60, கூடுதல் டோஸ் 10. அளவை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் எங்களிடம் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அவர்களால் உங்களுக்கு விளக்க முடிய வேண்டும்.

இன்னொரு சின்னக் கேள்வி கேளுங்கள்: "மார்பின் தொடங்கினால் கூடவே என்ன கொடுப்பீர்கள்?" மலமிளக்கி என்று உடனே பதில் வர வேண்டும். மார்பின் மலத்தைக் கட்டும், அது தெரிந்த சங்கதி. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுப்பார்கள். தெரியாமல் விட்ட இடத்தில் நோயாளி நோயைவிட வயிற்று உப்புசத்தில் அதிகம் துடிப்பார். அப்பா துடித்தார். "மார்பின் பழகிவிடும், சீக்கிரம் கொன்றுவிடும்" என்று உங்கள் வீட்டில் யாராவது பயந்தால், அந்தப் பயத்தை உட்கார்ந்து கேட்டு, முறையாகக் கொடுத்தால் அப்படி இல்லை என்று பொறுமையாக விளக்குகிறார்களா என்பதையும் பாருங்கள்.

சரி, இனி சுற்றிப் பார்ப்பது. கட்டடத்தைப் பார்க்காதீர்கள், படுத்திருப்பவர்களைப் பாருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, நடந்து போகும்போதே தெரியும். உதடு வெடித்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? நாக்கு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் நாள் முழுக்க யாரும் வாயைத் துடைத்துவிடாமல் இருந்திருக்கலாம். நகம் வெட்டியிருக்கிறதா? குதிகால் மெத்தையில் அழுந்தியிருக்கிறதா, தலையணை வைத்துத் தூக்கியிருக்கிறதா? எல்லாருமே பகலில் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தால் காரணம் கேளுங்கள். கடைசி நாட்களில் சிலர் அப்படித்தான் இருப்பார்கள், ஆனால் எட்டுப் பேரும் ஒன்றாக அப்படி இருக்க மாட்டார்கள். வலியைச் சொல்ல முடியாதவருக்கு வலி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு நர்ஸைக் கேளுங்கள். நெற்றிச் சுருக்கம், இறுக்கிய கை, புரட்டும்போது வரும் முனகல் என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் எத்தனை பேரை உற்றுப் பார்த்தவர் என்று உங்களுக்குப் புரியும்.

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா போய் நில்லுங்கள்.

அப்புறம் சார்ட். இது என் தொழில் கற்றுக்கொடுத்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வெகு நாள் வழக்கம். உடம்பைப் பொறுத்தும் மெத்தையைப் பொறுத்தும் நேரம் கூடலாம், குறையலாம். அதற்கு ஒரு அட்டவணை இருக்கும். பெயரை மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டச் சொன்னேன். இரண்டாவது இடத்தில் காட்டினார்கள். ஒரு வாரத்து அட்டவணை. 8, 10, 12, 2, 4 என்று ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. ஆனால் ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்து. தினம் தினம் எழுதிய கணக்குக்கும், தணிக்கைக்கு முதல் நாள் உட்கார்ந்து எழுதிய கணக்குக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது இடத்து அட்டவணையில் நீலம், கறுப்பு, ஓரிடத்தில் பென்சில், "1.50: தூங்குகிறார், எழுப்பவில்லை" என்று ஒரு குறிப்பு, ஓரத்தில் தண்ணீர்க் கறை. அதை நம்பினேன்.

"இங்கே வந்தபிறகு புண் வந்தவர்கள் உண்டா?" என்றும் கேட்டேன். "உண்டு, போன மாதம் ஒருவருக்கு வந்தது, மெத்தையை மாற்றினோம்" என்றார்கள். ஒருவருக்கும் வந்ததே இல்லை என்று சொல்லும் இடத்தைவிட இந்தப் பதிலுக்கே நான் மதிப்பெண் கொடுப்பேன்.

சின்ன இடம் என்பதற்கு ஒரு நல்லது உண்டு: நர்ஸுக்கு உங்கள் அம்மாவின் பெயர் தெரியும், அவர் இடது பக்கம் படுக்கப் பிடிக்காதவர் என்பதும் தெரியும். கெட்டதும் உண்டு. இருப்பதே ஒரு டாக்டர்தான். அவர் வெளியூர் போனால் யார்? இரவில் ஒரே ஒரு நர்ஸ் இருந்தால், கனமான ஒருவரைப் புரட்ட இரண்டாம் கை எங்கே? மார்பின் தீர்ந்தால் எத்தனை நாளில் வரும்? வலி கைமீறினால் எந்த ஆஸ்பத்திரியோடு பேசி வைத்திருக்கிறார்கள்? பணியாளர்கள் எவ்வளவு நாள் நிலைக்கிறார்கள் என்பதை மேலாளரிடம் கேட்காதீர்கள், தரை துடைப்பவரிடம் கேளுங்கள். அவரே நான்கைந்து வருடமாக அங்கே இருந்தால் அந்த இடத்தில் ஏதோ சரியாக நடக்கிறது.

இன்றைய ஹாஸ்பிஸ் முறைக்கு வழிபோட்டவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். சின்ன இடத்தில் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் இருக்க முடியாது. ஆனால் "நோயாளி பயந்து அழுதால் பக்கத்தில் உட்காருவது யார்?" என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட வேண்டும்.

கடைசி நாட்களைப் பற்றிக் கேட்க வாய் வராது. எனக்கும் வரவில்லை, எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். சாப்பாடு இறங்காமல் போனால் என்ன செய்வீர்கள்? எடுத்த எடுப்பில் "ட்யூப் போட்டுவிடுவோம்" என்பதும் சரியில்லை, "அப்படியே விட்டுவிடுவோம்" என்பதும் சரியில்லை. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் குறைவதை அவர்கள் உங்களுக்கு விளக்க வேண்டும், முடிந்தால் ஒரு ஸ்பூன், இல்லையென்றால் ஈரப் பஞ்சால் வாயை நனைப்பது என்று சொல்ல வேண்டும். தொண்டையில் கர்கர் என்று சத்தம் வரும், மூச்சு நின்று நின்று வரும், கைகால் சில்லிடும். இதையெல்லாம் நடப்பதற்கு முன்பே குடும்பத்திடம் சொல்கிறார்களா? மூச்சுத்திணறல், குமட்டல், மனக்குழப்பம், தொண்டைச் சத்தம் எல்லாவற்றுக்குமான மருந்தை முன்பே எழுதி வாங்கி வைத்திருக்கிறார்களா? விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் மருந்து செலுத்தத் தெரியுமா? குடும்பத்தில் ஒருவர் இரவு தங்கலாமா? உயிர் பிரிந்தபின் எவ்வளவு நேரம் அருகில் இருக்க விடுவார்கள்?

பணமும் காகிதமும் சீக்கிரம் முடிகிற வேலை. உரிமம் செல்லுபடியாகிறதா, கட்டணத்தில் எது அடக்கம், எது தனி, மாதத்தின் நடுவில் இறந்தால் மீதி திரும்ப வருமா, புகார் சொன்னால் யார் பதில் சொல்வார். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "எங்களை நம்புங்கள், இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடமும், குணமாக்கிவிடுவோம் என்பவரிடமும் அதற்குமேல் பேசாதீர்கள்.

இதையெல்லாம் நோயாளி எழுந்து நடமாடும்போதே செய்ய வேண்டும். அக்காவுக்கு இடம் பார்க்கிறேன் என்றபோது பெரியம்மா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஆரம்பத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு வலி தணிக்கும் சிகிச்சையும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அதைப் பெரியம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்கவில்லை. அக்கா ஏற்றாள், அது போதுமானதாக இருந்தது.

சேர்த்த பிறகும் மூன்று நாள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ஒரு நோட்டு வாங்கி மூன்று நேரத்தை மட்டும் எழுதுங்கள்: வலி சொன்ன நேரம், மருந்து வந்த நேரம், தணிந்த நேரம். பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். என் நோட்டில் இரண்டாம் இரவு இப்படி இருக்கிறது: "2.10, எட்டு. 2.16 மருந்து. 2.50, மூன்று." நடுவில் எழுதாதது ஒன்று உண்டு. நர்ஸ் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த முப்பத்துநான்கு நிமிடமும் உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாளிலும் எண் இறங்கவில்லை என்றால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். அவர் மருந்தை மாற்றியும் பிடிபடவில்லை, அல்லது உங்களைப் பார்க்கவே மறுக்கிறார் என்றால் வேறு இடத்துக்கு மாற்றலாம். சேர்த்துவிட்டோமே என்று கட்டுப்பட வேண்டியதில்லை. அப்பாவை மாற்றலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. மருந்து விவரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் முதல் டோஸ் கிடைக்கும்வரை தாங்கும் மருந்து கையில் இருக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவதற்கு அரை மணிக்கு முன் கூடுதல் டோஸ் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குலுக்கலும் எலும்பில் கேட்கும்.