எக்ஸாம் வாரத்துக்கு ஆன்கி: டூ மார்க் மறக்காமல் இருக்க மாற்ற வேண்டிய செட்டிங்குகள்

அண்ணா யுனிவர்சிட்டி பேப்பரில் பார்ட் ஏ 10 கேள்வி, 20 மார்க். 13 மார்க் கேள்வியைத் தெரிந்ததை எழுதிச் சமாளிக்கலாம், டூ மார்க்குக்கு டெஃபனிஷன் நினைவில் இருந்தே ஆக வேண்டும். அதற்காக இந்த செமஸ்டரில் நான் பிடித்துக்கொண்டது ஆன்கி. 2006-லிருந்து இருக்கிற இலவச சாஃப்ட்வேர். கார்டில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், மறக்கிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும்.

முதலில் லேப்டாப்பில் ஆன்கி, ஆண்ட்ராய்டு போனில் ஆன்கிட்ராய்டு. பிளே ஸ்டோரில் இதே மாதிரி பெயரில் வேறு ஆப்களும் இருக்கும், பெயரைச் சரியாகப் பாருங்க.

அடுத்து கொஸ்டின் பேங்கை ஷீட்டில் ஏற்றுங்கள், ஒரு நெடுவரிசையில் (column) கேள்வி, பக்கத்து வரிசையில் பதில். நான் கூகுள் ஷீட்ஸ்தான் சொல்வேன். ஆன்கிக்குக் கொடுக்க ஷீட்டை சிஎஸ்வி (CSV, வெறும் எழுத்து மட்டும் இருக்கிற ஃபைல்) ஆக்க வேண்டும். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாக சேவ் செய்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அங்கே யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷீட்ஸில் சிஎஸ்வியாக டவுன்லோட் செய்தால் அந்தத் தொல்லையே இல்லை. அப்புறம் ஆன்கியில் இம்போர்ட்.

இனிதான் முக்கியம், நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்ட இடம். ஆன்கியின் செட்டிங்குகள் வருடக்கணக்கில் படிப்பவர்களுக்காக வைத்தவை, ஸ்டடி ஹாலிடேஸில் இருப்பவருக்கு அல்ல. ஒரு நாளுக்குப் புது கார்டு 20தான் காட்டும், ஐந்து யூனிட்டுக்கும் சேர்த்து 100 கார்டு போட்டால் ஐந்து நாள் அதிலேயே போய்விடும். டெக் ஆப்ஷன்ஸில் (டெக் என்றால் கார்டுக் கட்டு) அதை 50 ஆக்குங்கள், ஒரு நாளில் திரும்பக் கேட்கும் பழைய கார்டுகளுக்கான ரிவ்யூ வரம்பு 200 என்று இருக்கும், அதை 9999 ஆக்குங்கள். கடைசியில் மேக்ஸிமம் இன்டர்வல் என்று ஒன்று உண்டு, ஒரு கார்டு திரும்ப வர அதிகபட்சம் எத்தனை நாள் என்பது, அதில் 2 அல்லது 3 என்று போடுங்கள். இதை விட்டுவிட்டால் நன்றாகத் தெரிந்த கார்டு எக்ஸாம் முடிந்த பிறகுதான் திரும்ப வரும். எக்ஸாம் முடிந்ததும் பழையபடி 36500க்கு மாற்றிவிடுங்கள்.

பட்டன் விஷயத்திலும் கவனம் வேண்டும். பதில் மறந்துபோனால் அகெய்ன், யோசித்து வந்தால் ஹார்ட். மறந்ததற்கு ஹார்ட் அழுத்தினால், தெரியும் என்றே ஆன்கி கணக்கு வைத்துக்கொள்ளும்.

கடைசியாக ஆன்கிவெப் (ஆன்கியின் ஆன்லைன் தளம்) அக்கவுண்ட் போட்டு, லேப்டாப் கார்டுகள் போனுக்கும் வர சிங்க். அப்லோடா டவுன்லோடா என்று கேட்டால் லேப்டாப்பில் அப்லோட், போனில் டவுன்லோட், மாற்றி அழுத்தினால் போட்ட கார்டெல்லாம் போய்விடும். அதற்கப்புறம் நெட் இல்லாமலே ஓடும், ஈரோட்டிலிருந்து கோவை பஸ்ஸில் பெருந்துறையில் ஆரம்பித்தால் அவிநாசி வருவதற்குள் ஒரு யூனிட்டைத் திருப்பிவிடலாம்.

பின்னர் சேர்த்தது: ஐபோன் வைத்திருக்கிற ஜூனியர் தங்கச்சி ஒருத்தி, "அண்ணா, காசு கேக்குதுங்க" என்றாள். ஐபோன் ஆப்புக்கு மட்டும் காசு உண்டு. ஆன்கிவெப்பை பிரவுசரில் திறந்தால் அதே கார்டுகளை இலவசமாகப் படிக்கலாம், நெட் மட்டும் வேண்டும்.