கூரை வியர்த்த டிரெய்லர்
சிறிய சரக்கு டிரெய்லரைப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றியபோது என்னைப் பாடாய்ப் படுத்தியது மரவேலை அல்ல, ஈரம். குளிர் இரவுகளில் மூச்சிலுள்ள நீராவி கூரைத் தகட்டில் பட்டுக் குளிர்ந்து, விடியற்காலையில் போர்வைமேல் சொட்டியது. சட்டங்களுக்கு இடையே 25 மி.மீ. ஃபோம் பலகை வைத்தேன். இரும்புச் சட்டங்கள் மட்டும் கோடு கோடாக வியர்த்தன. உள்வெப்பம் அவற்றின் வழியாகவே தப்பிப் போகிறது. சட்டங்களின் மேலும் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்த பிறகுதான் அடங்கியது. கூரையில் 12 வோல்ட் மின்விசிறி, கதவருகே தாழ்வாக ஒரு காற்றுத்துளை. காற்று நுழைய வழியில்லாமல் விசிறி மட்டும் சுற்றிப் பயனில்லை. சமையல் வெளியேதான்: எரிவாயு எரிந்தாலும் நீராவி உண்டாகும், கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. தண்ணீர்த் தொட்டியைப் பின்கோடியில் வைக்காதீர்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியில் எடை குறைந்தால் ஓட்டத்தில் வண்டி பாம்பாக நெளியும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும்.