இரவில் 20 நிமிடம்: சமையலறை சுத்தத்துக்கு நான் வைத்திருக்கும் முறை

ரொம்ப நாளாக ஞாயிற்றுக்கிழமை மட்டுமே சமையலறையை மொத்தமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் போகும், இடுப்பு வலிக்கும், புதன்கிழமைக்குள் பழையபடி பிசுக்கு ஏறிவிடும். தினமும் இரவு 20 நிமிடம், வாரத்துக்கு ஒரே ஒரு பெரிய வேலை என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தேன்.

படி 1: அடுப்பை ஊறப்போடுங்கள்

பாத்திரத்தைத் தொடும் முன்பே இதைச் செய்யுங்கள். பழைய வேட்டித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பால் பொங்கிக் காய்ந்த இடத்திலும் தாளிப்புத் தெறித்த இடத்திலும் போட்டுவிடுங்கள். அடுப்பு ஆறியிருக்க வேண்டும்.

படி 2: சிங்க்கைக் காலி செய்யுங்கள்

பாத்திரம் கழுவ யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஒன்று மட்டும்: மிக்ஸி ஜாரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வழிந்து காயும் சட்னியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். சிங்க் ஜல்லடையில் நிற்கும் கறிவேப்பிலையையும் சோற்றையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள். இரவில் கரப்பான் தேடி வருவது அதைத்தான்.

படி 3: மேலிருந்து கீழே துடையுங்கள்

அடுப்பு, மேடை, கடைசியில் தரை. ஊறிய கறை இப்போது ஒரே இழுப்பில் வந்துவிடும். அடுப்பில் ஸ்டீல் நார் போடவே போடாதீர்கள். கீறல் விழும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலில்தான் உட்காரும். ஸ்பாஞ்சைவிட எனக்குப் பருத்தித் துணிதான் பிடிக்கும். அலசிப் பிழிந்து கொடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும், வாடை வராது.

படி 4: வாரத்துக்கு ஒரு பெரிய வேலை

ஒரு வாரம் ஃப்ரிட்ஜ், அடுத்த வாரம் மளிகை அலமாரி, அப்புறம் ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும், நாலாவது வாரம் பர்னர். இந்தப் பர்னரில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து உடனே மாட்டினேன். சுடர் மஞ்சளாக எரிந்தது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் துளைகளுக்குள் தண்ணீரும் சோப்பும் தங்கியிருந்தன. வாயுவும் காற்றும் சரியாகக் கலந்து வராவிட்டால் முழுதாக எரியாது. மஞ்சள் சுடரும் கரியும் அதனால்தான்.

இப்போது செய்வது இப்படி. முதலில் சிலிண்டரை மூடிவிடுவேன். ஆறிய பித்தளைப் பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்ப்பேன். துளை ஒவ்வொன்றிலும் ஊக்கு முனையை விட்டு எடுப்பேன். பல்குச்சி வேண்டாம், உள்ளேயே முறிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு நன்றாக அலசி, கவிழ்த்துத் தட்டி, இரவு முழுக்கக் காயவிடுவேன். பர்னர் உட்காரும் குழாய் வாயில் தண்ணீர் இறங்காதபடி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதும் முக்கியம். காலையில் பர்னர் ஆடாமல் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். சுடர் நீலமாக இருந்தால் சரி.

பின்சேர்க்கை 1: சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்து ஊற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்: தேய்க்கச் சோடா உப்பு, குழாயில் படியும் உப்புக்கறைக்கு வினிகர். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பாதிக்கும்.

பின்சேர்க்கை 2: சிம்னியின் அலுமினிய வலையைச் சலவை சோடாவில் ஊறப்போட்டதில் கறுத்துவிட்டது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். சலவை சோடா அலுமினியத்தை அரிக்கும். அதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். 20 நிமிடம் ஊறவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள்.